எலிக்கு வடை, காகித அட்டைக்கு ஏர் ரைஃபிள்: பெங்களூரு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொய்யாவைக் கொறிக்கும் அணில், கீரைப் பாத்தியைத் தோண்டும் பெருச்சாளி, தக்காளியைக் கொத்தும் பறவை. இவற்றுக்கு ஒரு ஏர் ரைஃபிள் வாங்கினால் தீர்ந்தது என்ற கணக்கோடுதான் பலர் கடைப்படி ஏறுகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். அங்கே தோட்டத்துக்குப் பின்னால் வயல் இருக்கிறது. ராமமூர்த்தி நகரிலும் கே.ஆர்.புரத்திலும் தோட்டத்துக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல்தான் இருக்கிறது.

அதனால் இந்தக் கட்டுரை இரண்டு வேலைகளைப் பிரித்துவிடுகிறது. தோட்டத்துத் தொல்லைக்கு வலையும் பொறியும். ஏர் ரைஃபிள், ஆசை இருந்தால், காகித அட்டையைச் சுடும் பயிற்சிக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள்தான் தப்பான துப்பாக்கியை, தப்பான வேகத்தில், தப்பான விலைக்கு வாங்கிவருகிறார்கள்.

முதலில் சட்டம்

ஆயுத விதிகள் 2016-இன்படி, குழல் வாயில் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ள ஏர் கன்னுக்கும், 0.177 அங்குலத்தை (4.5 மி.மீ.) விடப் பெரிய குழல் உள்ள ஏர் கன்னுக்கும் உரிமம் வேண்டும். இந்த இரண்டு எல்லைக்கும் உட்பட்டதை உரிமம் இல்லாமல் வாங்கலாம். கடையில் அடையாள அட்டை, முகவரிச் சான்று நகல்களை வாங்கிக்கொண்டு பில் தருவார்கள். அந்தப் பில்லில் மாடல் பெயரும் குழல் அளவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பில் இல்லாமல், இணையத்தில் யாரோ விற்கும் பழைய துப்பாக்கி வேண்டாம். உள்ளே வேறு ஸ்பிரிங் மாற்றியிருந்தால் ஆற்றல் 20 ஜூல் எல்லையைத் தாண்டியிருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாது.

வெளிநாட்டு விமர்சனங்களில் “தோட்டத்துக்கு 0.22 வாங்குங்கள்” என்று அடிக்கடி சொல்வார்கள். அங்கே அது சரி. இங்கே 0.22, அதாவது 5.5 மி.மீ., உரிமம் கேட்கும் அளவு. அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள். சத்தத்தைக் குறைக்கும் குழாயைத் தனியாக வாங்கி மாட்டும் யோசனையும் வேண்டாம். துப்பாக்கியின் ஓசையைக் குறைக்கும் துணைக்கருவிகள் ஆயுதச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வருகின்றன.

உரிமம் வேண்டாம் என்பதற்கு எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று பொருள் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருளில்லை. சட்டத்தின் அட்டவணையில் உள்ள உயிரினத்தைக் காயப்படுத்துவது, பிடிப்பது, அதற்குப் பொறிவைப்பது எல்லாம் அதில் அடக்கம். மயிலும் கிளியும் அந்தப் பாதுகாப்பு அட்டவணையில் இருப்பவை. முன்பு காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவை தொல்லை உயிரினம் என்று 5-ஆம் அட்டவணையில் இருந்தன. 2022-இல் கொண்டுவந்து 2023 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. “காக்காதானே, யார் கேட்பது” என்ற பழைய பேச்சு இனி நிற்காது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போகக்கூடியது, மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினம் என்றால் இன்னும் கூடும். இது போக, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. குண்டு பக்கத்து வீட்டுப் பக்கம் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவும் வரும். அது, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடந்துகொள்வது பற்றியது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் வேலைக்கு ஆகாது. பெருச்சாளி இரவில், சாக்கடை ஓரமாக, நிற்காமல் ஓடுவது. ஏர் ரைஃபிள் குண்டு தலையில் சரியான இடத்தில் படாவிட்டால் அது சாகாது. காயத்தோடு வளைக்குள் போய் அங்கே செத்து, பத்து நாள் நாறும். அந்த வளை பெரும்பாலும் உங்கள் வீட்டு அஸ்திவாரத்தின் அடியில்தான் இருக்கும்.

தோட்டத்துத் தொல்லைக்கு

யார் வருகிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் படி. மண்ணைக் குவித்துவிட்டுப் போன பெரிய வளை, அதுவும் மழைநீர்க் கால்வாய் பக்கம் என்றால் பெருச்சாளி. மாமரக் கிளை, கேபிள், ஓட்டுக்கூரை வழியாக வந்து தேங்காயைக் குடைவது வீட்டெலி. இலையில் வெள்ளியாகக் கோடு, காலையில் செடி பாதி காணவில்லை என்றால் எலியே இல்லை, நத்தை. பெங்களூரில் மழைக்காலத்தில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை ஏராளம். கையுறை போட்டு, டார்ச் அடித்து, இரவு எட்டு மணிக்கு மேல் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். நான்கைந்து இரவில் குறையும்.

பறவைக்கும் அணிலுக்கும் வலையும் உறையும் போதும். கீரைக்கு மேலே 20 மி.மீ. கண்ணுள்ள நைலான் வலையை விறைப்பாகக் கட்டுங்கள். தொங்கலாக விட்டால் பறவை சிக்கிக்கொள்ளும், பிறகு அதைப் பிரித்து விடுவது உங்கள் வேலை. கொய்யாவுக்கும் மாதுளைக்கும் பிஞ்சிலேயே துணிப்பை கட்டிவிடுங்கள். பழுத்த பிறகு கட்டுவதில் பயனில்லை, வாசனை ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

எலிக்கு முதலில் வழியை அடைக்க வேண்டும். அரை அங்குலக் கண்ணுள்ள துத்தநாகம் பூசிய வெல்டட் வலை எலியைத் தடுக்கும். சுண்டெலிக்கு கால் அங்குலம் வேண்டும், பென்சில் நுழையும் சந்தில் அது நுழைந்துவிடும். பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிட்டுப் போகும். பாத்தியைச் சுற்றி வலையை மண்ணுக்குக் கீழே ஓர் அடி புதைத்து, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக எல் வடிவில் மடக்குங்கள். தோண்டி வரும் பெருச்சாளி மடிப்பில் முட்டித் திரும்பும்.

பொறி வைப்பதில் எல்லோரும் செய்யும் தவறு, முதல் நாளே விசையைத் தூக்கி வைப்பது. எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம். இரண்டு மூன்று இரவு, பொறியைத் திறந்தே, விசை ஏற்றாமல், தீனியை மட்டும் வையுங்கள். தின்று பழகட்டும். நான்காம் இரவு விசையை ஏற்றுங்கள். சுவரை ஒட்டி, தீனி இருக்கும் முனை சுவரைப் பார்க்கும்படி, சுவருக்குச் செங்குத்தாக வையுங்கள். எலி நடுமுற்றத்தில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டுதான் போகும். தீனிக்கு நம் ஊர் மசால் வடையை மிஞ்ச ஒன்று இல்லை. கிடைக்காவிட்டால் தேங்காய்ச் சில்லு அல்லது கருவாடு. தர்ஷினி ஓட்டலில் வாங்கும் உளுந்து வடை வேண்டாம். அது ஆறினால் ரப்பராகிவிடும், வாசனையும் போதாது. பெருச்சாளிக்குச் சின்னப் பொறி போதாது, பெரிய கூண்டு கேளுங்கள். செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாகப் பரவுவது, மழைக்காலத்தில் இன்னும் அதிகம்.

தொல்லைப் பகுதி இத்துடன் முடிந்தது. இனி துப்பாக்கி.

டேப்பை எடுத்து இடத்தை அளங்கள்

மாடலைத் தேடுவதற்கு முன் இடத்தை அளக்க வேண்டும். பெங்களூரில் 30-க்கு 40 சைட் என்றால் நீளம் 40 அடி, அதாவது 12.2 மீட்டர். அதில் வீட்டைக் கட்டிய பிறகு மிஞ்சுவது பக்கவாட்டில் மூன்று நாலு அடி அகலச் சந்து. அதன் நீளம் 10 மீட்டர் பயிற்சிக்குச் சரியாகப் போதும். இந்தப் பத்து மீட்டர்தான் ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் தூரமும். 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டதும் இந்தத் தூரத்தில்தான். எனவே “பத்து மீட்டர் போதுமா” என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். அந்தப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு.

அந்தச் சந்து சுடுவதற்குத் தகுந்ததா என்று பார்க்க மூன்று கேள்விகள். சுடும் கோட்டுக்கும் அட்டைக்கும் நடுவே எந்தக் கதவாவது திறக்கிறதா? சமையலறைப் பின்கதவு சந்தில் திறந்தால் அந்த இடம் வேண்டாம். அட்டைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் சுவர் இருக்கிறதா? அந்தச் சுவருக்கு அப்பால் ஆள் நடமாடும் இடமா? இந்த ரக குண்டு தடையில்லாமல் போனால் 300 மீட்டரைத் தாண்டும். அதாவது இரண்டு மூன்று கிராஸ் தள்ளி இருக்கும் வீடு வரை.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு தப்புக் குண்டும் தெருவுக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பொது இடத்தில் யோசிக்கவே கூடாது. வீட்டுக்குள் பத்து மீட்டர் நேர்கோடு கிடைக்காவிட்டால், பயிற்சிக் கூடத்தில் சேருவது நல்லது. கர்நாடக மாநில ரைஃபிள் சங்கம் பெங்களூரிலேயே இருக்கிறது, தனியார் கூடங்களும் உண்டு. அங்கே சில நாள் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குபவர்கள்தான் வாங்கியதை விற்காமல் வைத்திருக்கிறார்கள்.

தடுப்பு

துப்பாக்கி வாங்கும் நாளுக்கு முன்பே தடுப்பு தயாராக இருக்க வேண்டும். பின்னால் செய்துகொள்ளலாம் என்று விட்டவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே காம்பவுண்டுச் சுவரில் டப்பாவை வைத்துச் சுடுகிறார்கள். சிமெண்ட், கிரானைட், இரும்பு, தண்ணீர் ஆகிய நான்கிலும் பட்டால் குண்டு திரும்பி வரும், அல்லது தெறித்துப் பக்கவாட்டில் போகும்.

பிளைவுட் கடையில் 18 மி.மீ. கனப் பலகையில் 45 செ.மீ. சதுரமும் 20 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் திறந்திருக்கட்டும். உள்ளே பின்சுவரில் 3 மி.மீ. இரும்புத் தகடு. அதற்கு முன்னால் பழைய ஜீன்ஸ், போர்வை, சாக்கு என்று கிடைக்கும் துணியை அடித்து அமுக்கித் திணியுங்கள். கையை வைத்து அழுத்தினால் உள்ளே போகக்கூடாது, அவ்வளவு இறுக்கம். முன்பக்கம் அட்டைப்பெட்டி அட்டையை ஆணியடித்து, அதன்மேல் குறி அட்டையை ஒட்டுங்கள். குண்டு துணியில் வேகம் குறைந்து தங்கிவிடும்.

இருநூறு முந்நூறு குண்டுக்கு ஒருமுறை அட்டையைக் கழற்றிப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுடுவதால் நடுவில் துணி குடைந்துபோகும். தகடு கண்ணுக்குத் தெரிந்தால் அன்றைக்குச் சுடக்கூடாது. துணியைக் கலைத்து மறுபடி திணியுங்கள்.

பெட்டிக்குப் பின்னால் 8-க்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றை நிறுத்தி, அதற்கு ஒரு சாண் முன்னால் பழைய தரைவிரிப்பை மேலே மட்டும் கட்டித் தொங்கவிடுங்கள். பெட்டியைத் தவறவிட்ட குண்டு தொங்கும் விரிப்பில் பட்டுக் கீழே விழும். விரிப்பை இழுத்துக் கட்டிவிட்டால் அது வேலை செய்யாது, ஆட வேண்டும். மணல் மூட்டையும் பயன்படும், ஆனால் எம் சாண்டில் ஜல்லித் துணுக்குகள் கிடக்கும். சலித்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

பெட்டியில் சேரும் ஈயத்தை மாதம் ஒருமுறை எடுத்து டப்பாவில் போட்டுப் பழைய இரும்புக்காரரிடம் கொடுங்கள். கீரைப் பாத்தியில் ஈயம் சேரக்கூடாது. அதனால்தான் பாத்தி இருக்கும் பக்கம் சுடும் கோட்டை வைக்கக்கூடாது. சுட்டு முடித்ததும் சோப்பால் கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தை நம்பாதீர்கள்

கடையில் முதலில் காட்டுவது “ஆயிரம் எஃப்.பி.எஸ்.” என்ற எழுத்துத்தான். நொடிக்கு ஆயிரம் அடி, அதாவது 305 மீட்டர். இந்த எண் பெரும்பாலும் மிக லேசான உலோகக் கலவைக் குண்டை வைத்து அளந்தது. நீங்கள் வாங்கப்போவது சாதாரண ஈயக் குண்டு. ஆற்றலைக் கணக்கிட வழி எளிது. குண்டின் எடையைக் கிராமில் எடுத்து, வேகத்தை மீட்டரில் எடுத்து இரண்டு தடவை பெருக்கி, 2000-ஆல் வகுத்தால் ஜூல் வரும்.

0.35 கிராம் கலவைக் குண்டு 305 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 16 ஜூல். அதே துப்பாக்கியில் 0.51 கிராம் ஈயக் குண்டைப் போட்டால், ஆற்றல் ஏறக்குறைய அதுவேதான், வேகம் 250 மீட்டருக்கு இறங்கிவிடும். ஆயிரம் எஃப்.பி.எஸ். எண்ணூற்றுச் சொச்சம் ஆகிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, எடையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதே 0.51 கிராம் குண்டு 280 மீட்டர் வேகத்தில் போனால் 20 ஜூல், அதாவது சட்ட எல்லை. ஈயக் குண்டிலேயே ஆயிரம் எஃப்.பி.எஸ். என்று ஒருவர் சத்தியம் செய்தால், அவர் உரிமம் தேவைப்படும் துப்பாக்கியை விற்கிறார் அல்லது பொய் சொல்கிறார்.

இன்னொன்று. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதை நெருங்கும்போது இடுப்பு ஒடுங்கிய இந்த வகைக் குண்டு ஆட ஆரம்பிக்கும், அட்டையில் சிதறும். வேகம் கூடக் கூடக் குறி கெடும். பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கிகளே சுமார் 7.5 ஜூல்தான். அட்டையில் ஓட்டை போட அதற்கு மேல் தேவையில்லை.

எனவே எங்கள் பரிந்துரை, கடைக்காரரின் பரிந்துரைக்கு நேர் எதிர். 8 முதல் 12 ஜூல் வரை கிடைத்தால் அதை எடுங்கள். ஒவ்வொரு முறையும் குழலை மடக்கி ஏற்றுவது சுலபம், சத்தம் குறைவு, தடுப்பு நாள்பட நிற்கும், குறியும் நிதானமாகும். 18 ஜூல் துப்பாக்கியை வாங்கிய புதியவர் முப்பது தடவை மடக்கிய பிறகு தோள் வலித்து அலமாரியில் வைத்துவிடுவார்.

எந்த வகை

சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கி: குழலைக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும். பம்பு வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், விலையும் குறைவு. குறை என்னவென்றால் அதன் உதை. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும், பிஸ்டன் முட்டும்போது முன்னே குதிக்கும். குண்டு குழலைத் தாண்டும் முன்பே இந்த ஆட்டம் ஆரம்பித்துவிடும். அதனால் பிடிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

வாயு ராம் வகையில் ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு அடைத்த உருளை. ஸ்பிரிங் அதிர்வின் கிர்ரென்ற ஓசை இருக்காது, ஆனால் உதை கொஞ்சம் கூர்மையாக இருக்கும். பழுதானால் உருளையை மொத்தமாக மாற்ற வேண்டும். ஸ்பிரிங் என்றால் ஊரில் யாராவது சரி செய்து தருவார்.

பி.சி.பி. என்பது உயர் அழுத்தக் காற்றை 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) போல அடைத்து வைத்துக்கொள்வது. உதையே இல்லை, புதியவர் கையில்கூட குறி நன்றாக நிற்கும். ஆனால் கைப்பம்பு தனி விலை, அதை அடிப்பது உடற்பயிற்சி. பெங்களூரு மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம். ஈரம் உறிஞ்சும் குழாய் இல்லாத பம்பால் அடித்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் சேரும், துருப்பிடிக்கும். சைக்கிள் கடைக் கம்ப்ரசரிலும் ஆக்சிஜன் சிலிண்டரிலும் நிரப்பக்கூடாது. ஆக்சிஜன் உயிருக்கே ஆபத்து, எண்ணெய்ப் பசையில் பட்டால் வெடிக்கும்.

முதல் துப்பாக்கிக்கு நடுத்தர ஆற்றலுள்ள ஸ்பிரிங், திறந்த முன்குறி பின்குறியோடு. ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து மீட்டரில் திறந்த குறியே போதும், அதில் கற்றவர் எதிலும் சுடுவார்.

கடையில் கையில் வாங்கியதும்

எடை 2.5 முதல் 3.5 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. தோளில் வைத்து, கண்ணை மூடிக் குறி பிடிப்பதுபோல் நின்று, கண்ணைத் திறங்கள். முன்குறி தானாக எதிரே வந்திருக்க வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டை, அதாவது தோளில் ஊன்றும் பின்பகுதி, உங்களுக்கு நீளம் அல்லது குட்டை. இடது கைக்காரர்கள் கட்டையின் கன்னப்பகுதி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

குழலை மடக்கித் திறந்து, பக்கவாட்டில் மெதுவாக ஆட்டுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் வேறு கேளுங்கள். மூடும்போது “டக்” என்று ஒரே இடத்தில் பூட்ட வேண்டும். குழல் வாயின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள், அங்கே ஒரு கீறல் இருந்தால் குண்டு ஒரு பக்கமாகவே போகும்.

காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு, வீட்டிலும் செய்யலாம். குழல் மடங்கும் இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்து, குண்டு போட்டு, தடுப்பை நோக்கிச் சுடுங்கள். காகிதம் அசையாமல் இருந்தால் நல்லது. பறந்தால் அங்கே சீல் தேய்ந்திருக்கிறது. குண்டு போடாமல் மட்டும் சுட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டனைத் தாங்க எதிரே காற்றுத் தலையணை இருக்காது, நேராகப் போய் முட்டும். சீலும் ஸ்பிரிங்கும் அதில்தான் போகின்றன. கடையில் வருவோர் போவோரெல்லாம் வெறுமனே “சட் சட்” என்று அடித்துப் பார்த்த காட்சித் துப்பாக்கியை வாங்காமல், பெட்டி பிரிக்காததைக் கேளுங்கள்.

குண்டு

தட்டைத் தலை, உருண்டைத் தலை, கூர்த்தலை என்று வரும். அட்டைக்குத் தட்டைத் தலை, பஞ்ச் அடித்தது போல் வட்டமாக ஓட்டை விழும், புள்ளி எண்ணச் சுலபம். கூர்த்தலை பார்க்கத்தான் அழகு, முனை கொஞ்சம் நெளிந்திருந்தாலும் குறி மாறும். இரும்பு உருண்டை வேண்டாம். குழலுக்குள்ளே உள்ள வரிகளைத் தேய்க்கும், தெறிப்பதும் அதுதான் அதிகம்.

ஒரே துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழல் பழகட்டும். பிறகு ஐந்து ஐந்தாக இரண்டு தொகுதி. பத்து மீட்டரில் தாங்குபலகை மேல் வைத்துச் சுட்டு, ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் புதியவருக்கு நல்ல தொடக்கம். எந்த டப்பா அப்படி அடக்குகிறதோ அதையே தொடர்ந்து வாங்குங்கள்.

முதல் நூறு குண்டு

புதுத் துப்பாக்கியில் முதலில் புகையும் எண்ணெய் வாசனையும் வரும், சத்தமும் தூக்கலாக இருக்கும். உள்ளே தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் அழுத்தத்தில் எரிவதுதான் காரணம். நூறு இருநூறு குண்டில் அடங்கிவிடும். அதுவரை குறியைச் சரிசெய்ய உட்காராதீர்கள், வீண் வேலை. தையல் மிஷின் எண்ணெயைக் காற்றுத் துளையில் விட்டால் இந்த எரிப்பு மறுபடி ஆரம்பிக்கும், சீல் கருகும்.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. முன்பக்கம் தாங்கும் கையை விரித்து, உள்ளங்கையில் தட்டை ஏந்துவதுபோல் ஏந்துங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். தோளில் மெதுவாகத் தொட்டால் போதும். துப்பாக்கி அதன் போக்கில் குதிக்கட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குதித்தால் குண்டும் ஒரே இடத்தில் விழும். சுவரிலோ நாற்காலிக் கையிலோ நேராகக் கட்டையைச் சாய்த்துச் சுட்டால் குறி ஏறிப்போகும். சாய்க்க வேண்டுமானால் நடுவே கையை வையுங்கள்.

குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்குறியை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். இரண்டு குறிக்கும் இடையே 45 செ.மீ. இருந்தால், பின்குறியை 1 மி.மீ. நகர்த்தும்போது பத்து மீட்டரில் 2 செ.மீ.-க்குச் சற்று மேல் மாறும். அதனால் கால் திருகு, அரைத் திருகு என்றுதான் நகர்த்த வேண்டும். ஒற்றைக் குண்டைப் பார்த்து மாற்றாதீர்கள், ஐந்தின் நடுப்புள்ளியைப் பாருங்கள்.

பிறகு ஸ்கோப் மாட்டினால், ஸ்பிரிங் துப்பாக்கிக்கு என்று செய்த ஸ்கோப்பாக இருக்க வேண்டும். முன்னும் பின்னுமான உதை சாதாரண ஸ்கோப்பின் உள்கண்ணாடியைக் கழற்றிவிடும். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் ஒரே துண்டான மவுண்ட், நகராமல் தடுக்கும் முள் இரண்டும் தேவை. பத்து மீட்டருக்குத் தெளிவு கிடைக்கும்படி முன்கண்ணாடியைத் திருப்பக்கூடியதா என்று கேளுங்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே நாலரை செ.மீ. உயரத்தில் இருக்கும். எனவே பத்து மீட்டருக்குச் சரிசெய்ததை ஐந்து மீட்டரில் சுட்டால் 2 செ.மீ. கீழே படும். அது கோளாறு இல்லை, கணக்கு.

திடீரென்று ஒரு நாள் குண்டுகள் சிதற ஆரம்பித்தால், ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் கட்டையின் திருகாணிகளை முடுக்குங்கள். பத்தில் எட்டுத் தடவை அதுதான். இருநூறு குண்டுக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கமாகட்டும். ஐந்நூறுக்கு ஒருமுறை குழலுக்குள் துணியை நூலில் கட்டிப் பின்னாலிருந்து முன்னால் இழுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம்.

கைவிரலும் பூட்டும்

குழலை மடக்கிக் குண்டு வைக்கும்போது ஒரு கை கட்டாயம் குழலைப் பிடித்திருக்க வேண்டும். விசை தவறினால் குழல் பாய்ந்து மூடும், இடையில் இருக்கும் விரல் போய்விடும். மடக்கி ஏற்றிய துப்பாக்கியை வைத்துவிட்டுப் போன் பேசப் போகக்கூடாது. நீண்ட நேரம் ஏற்றியே வைத்தால் ஸ்பிரிங்கும் தளரும்.

சுடுபவர் மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கும் எல்லோரும் பாலிகார்பனேட் கண்ணாடி போட வேண்டும். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது. சுடும் நேரத்தில் சந்தின் இரு முனையிலும் கயிறு கட்டிவிடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர், கியாஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், பந்து தேடி வரும் பையன், இவர்களுக்கெல்லாம் நீங்கள் சுடுவது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, தடுப்பைக் காட்டிவிடுவது நல்லது. பார்த்தவர்கள் புகார் செய்வது குறைவு.

துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டு வேறு பூட்டில். நுரைப் பையிலும் தோல் உறையிலும் நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள், ஜூன் முதல் அக்டோபர் வரை அவை ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் துருவாக்கும். எண்ணெய்த் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அலமாரியில் நிற்க வையுங்கள். வெளியே எடுத்துப் போனால் குண்டில்லாமல், மூடிய பெட்டியில், பில் நகலோடு. மெட்ரோவில் நுழைவாயில் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். பயிற்சிக் கூடத்துக்கு உங்கள் வண்டியிலோ ஆட்டோவிலோ போங்கள், ஆட்டோக்காரரிடம் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.